வெல்லம்பிட்டி, ஜூன்

எண்பதுக்குக் கீழே போனால் சிவப்பு என்று
நான்தான் எழுதினேன்.
எண்பது எங்கிருந்து வந்தது என்று
இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.
கேட்டால் காட்டுவதற்கு என்னிடம்
ஒரு மழைநாள் பிற்பகலும்
பாதி தின்ற மீன் பணிசும்தான் உண்டு.

யூனியன் பிளேஸ், ஒன்பதாம் மாடி.
யன்னலுக்கு வெளியே பேரே வாவி
தன் பச்சைக்கு யாரிடமும் காரணம் சொல்லாமல் கிடக்கிறது.
உள்ளே என் திரையில்
இருபத்துமூன்று மருந்துக்கடைகள்
இருபத்துமூன்று வரிகளாய்.
விற்பனை, வரிசையில் நின்ற நிமிடங்கள்,
காலாவதியான குப்பிகள், திரும்பி வந்த வாடிக்கையாளர்:
நான்கையும் பிசைந்து ஒரு புள்ளி.
புள்ளிக்கு ஒரு நிறம்.
நிறத்துக்கு, டிசம்பரில், ஒரு போனஸ்.

கொட்டாஞ்சேனை பச்சை.
தெஹிவளை பச்சை, கொஞ்சம் தயக்கத்தோடு.
வெல்லம்பிட்டி
ஜூன் முழுக்கச் சிவப்பு.

"ஏன் இப்படி?" என்றார் வீரக்கொடி மேடம்,
பேனை மூடியால் திரையைத் தொட்டு,
விரல் சுட்டுவிடும் என்பதுபோல.

தோண்டினேன்.
மாதத்திலிருந்து கிழமைக்கு, கிழமையிலிருந்து நாளுக்கு,
அழுத்த அழுத்த மென்பொருள்
என்னைப் படியிறக்கிக் கொண்டுபோனது.
மூன்றாம் திகதி தொடங்கி எட்டாம் திகதி வரை
ஆறு பூச்சியங்கள்.
இவ்வளவு வட்டமாய், இவ்வளவு ஒழுங்காய்
எந்தக் கடையும் தோற்பதில்லை.

அது என் கைவேலை.
போன செப்டம்பரில், இரவு பதினொன்றுக்கு,
வெற்றுக் கட்டங்கள் பார்க்க வடிவில்லை என்று யாரோ சொன்னதற்காக
ஒரு வரி எழுதினேன்:
ஒன்றுமில்லையென்றால் பூச்சியம் போடு.
பத்து மாதமாய் அந்த வரி
சொன்ன சொல் தவறவில்லை.

கடை முகாமையாளர் நிலூஃபாவுக்கு அழைத்தேன்.
"ஆறு பெருகி மூணாவது தட்டு மட்டும் வந்திச்சு மிஸ்.
கரண்ட் இல்ல. கம்பியூட்டரத் தூக்கி மேல வச்சிட்டம்.
இன்சுலின மட்டும் ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு
பள்ளி மாடிக்குக் கொண்டு போனம்.
வந்த ஆக்களுக்குக் குடுத்தம். பில் அடிக்கல்ல.
கலண்டர் தாளுக்குப் பின்னால பேர் எழுதி வச்சிரிக்கன்.
அது போதுமா?"

அந்தக் கேள்விக்கு
என் அட்டவணையில் நிரல் இல்லை.

ஆறு நாட்களையும் கணக்கிலிருந்து எடுத்தேன்.
வகுக்கும் எண் சுருங்க,
வெல்லம்பிட்டி ஒரே தாவலில் முதலாமிடம்.
இதுவும் பொய்தான், பச்சைப் பொய்.
கொட்டாஞ்சேனை ஒரு படி இறங்கியது,
அங்கே கல்லாவில் நிற்கும் கிளெமன்ட்டின் டிசம்பரோடு.

திரும்பப் போட்டேன். திரும்ப எடுத்தேன்.
கூட்ட வந்த சோமலதா
கால்களைத் தூக்கச் சொல்லி, தும்புத்தடியை ஓட்டி,
திரையைப் பார்த்து "லஸ்ஸனய்" என்று சிரித்தார்.
வெசாக் கூட்டைப் பார்க்கும் சிரிப்பு.

கடைசியில் சாம்பல் பூசினேன்.
நிறங்களின் பட்டியலில் சாம்பல் இல்லை.
கூட்டத்தில் எல்லாரும் அதையே பார்த்தார்கள்.
"இதற்கு என்ன அர்த்தம்?"
"தண்ணீர்" என்றேன்.
"எத்தனை வீதம்?"

இரவு நிலூஃபா அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்.
ஏப்ரல் மாதத்தின் முதுகில், நீல மையில்,
ரவூஃபா மாமி. மாகிரட். ஓட்டோ சுனில், ரெண்டு.
மூலை வீட்டு ஆள், பேர் சொல்லல்ல.
வரி வரியாய் நாற்பத்தொன்று.
அதில் மூன்று ஈரத்தில் கரைந்து
ஒரே நீலமாகிக் கிடக்கின்றன.

முப்பத்தெட்டு என்றால் காட்டலாம்.
நாற்பத்தொன்று என்றால் நம்பச் சொல்ல வேண்டும்.
காலை ஆறுக்குத் தரவுகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

இரண்டு விரலால் படத்தை விரித்து விரித்துப் பார்க்கிறேன்.
நீலம் பெரிதாகிறது.
பெயர் வரவில்லை.